நீலத் துவாய்

— பெல்ட் போட்டிட்டியோ?

— குப்புறப் படுத்துக் கிடக்கிறவனுக்கு என்ன பெல்ட் அப்பா?

— பொலிஸ் மறிச்சா என்ன சொல்லுறது? பின்சீற்றிலை பிரேதம் போகுதெண்டோ? சீ, என்ரை வாய். நல்லநாள் அதுவுமா என்ன கதைக்கிறன். முருகா.

— மகனுக்கு இருக்கேலாது, குண்டியிலை புண், இண்டைக்கு ஒப்பரேசன் எண்டு சொல்லுங்கோ. ஆஸ்பத்திரிக் கடிதம் ஃபோனிலை கிடக்கு, காட்டலாம்.

— உதை வேறை பொலிசுக்கு விளங்கப்படுத்த வேணுமோ. ஊருக்கே தெரியாமல் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிற விசயம்.

— அல்ட்சோ அப்பா, பாத்து, முன்னுக்குப் போற லொறிக்கு மிச்சம் கிட்டப் போறியள்.

— படுத்துக் கிடக்கிற உனக்கு எப்பிடித் தெரியும்?

— மணக்குது. பண்டி லொறி.

— ஓம், பண்டி லொறிதான். இருபத்திநாலு வருசம் இறைச்சிப் பக்டரியிலை உதின்ரை முகத்திலைதான் முழிச்சனான். பென்சன் எடுத்தும் விடுகுதில்லை, பார். ஸ்கீவயிலை பெரிய றோட்டுக்கு ஏறினதிலையிருந்து எனக்கு முன்னாலை போய்க்கொண்டிருக்கு. சரி, அந்தா ஒரு போர்ட் வருது. எத்தினை கிலோமீற்றரெண்டு போட்டுக் கிடக்கு?

— எனக்குச் சீற்தான் தெரியுது. நீங்கள் வாசிக்கிறதுக்கு என்ன? கண்ணாடி எங்கை?

— டாஷ்போர்டுக்குள்ளை கிடக்கு. கார் ஓட அது தேவையில்லை. இருவது வருசமா ஓடுற றோட்டு.

— கண் டொக்ரர் அப்பிடிச் சொல்லேல்லையே.

— கண் டொக்ரருக்குக் கண்ணாடி விக்க வேணும். நீ ஃபோனை வை. படுத்துக்கொண்டு ஃபோன் பாத்தாத் தலை சுத்தும். வெறும் வயிறு வேறை.

— ஆஸ்பத்திரிக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேணும் அப்பா. நேற்றே அனுப்பியிருக்க வேணும்.

— என்னத்தைக் கேக்கிறாங்கள்?

— பேர். ஆரணன் குலேந்திரன். வயசு இருபத்தி ரெண்டு. மருந்து ஏதும் ஒத்துவராதோ எண்டு. இதுக்கு முந்தி ஒப்பரேசன் செய்ததோ எண்டு.

— ரெண்டு எண்டு போடு. இது மூண்டாவது. எழுதவே வெக்கமாக் கிடக்கு. ஒரு பருவை மாத்த மூண்டு ஒப்பரேசன்.

— பரு இல்லை அப்பா. மயிர் தோலுக்குள்ளை இறங்கி, உள்ளுக்கை கூடு கட்டி, சிதள் வைக்கிறது. எத்தினை தரம் சொல்லுறது?

— நீ சொல்லு. நான் கேக்கிறன். முதல் முறை என்ன சொன்னவை? சின்ன வேலை, வெட்டுக்கொத்து இல்லையெண்டு.

— சின்ன வேலைதான். அரிசியளவிலை மூண்டு ஓட்டை. விறைப்பு ஊசி, இருவது நிமிசம். அண்டைக்கே முன்சீற்றிலை இருந்து வீட்டை வந்தனான், ஞாபகம் இருக்கோ?

— இருந்து வந்தாய். ஆறு மாசத்திலை திரும்பப் படுத்தாய். பேந்து போன வருசம் மார்ச்சிலை லேசர். உள்ளுக்கை வயரை விட்டுச் சுட்டா அடியோடை போயிடுமெண்டு சொன்னவை. போச்சுதோ?

— போனது. புண் மூடினது. அதுக்குப் பிறகுதான் வந்தது.

— அதைத்தான் நானும் கேக்கிறன். மூடின புண் ஏன் திறக்குது? டொக்ரரின்ரை கை சரி, மெசின் சரி, மருந்து சரி. அப்ப எங்கை பிழை?

— அப்பா, படிவத்தை முடிக்க விடுங்கோ. கடைசிக் கேள்வி. வீட்டை போனாப்பிறகு காயத்தை ஆர் பாக்கிறது?

— உதென்ன கேள்வி? குலேந்திரன், தகப்பன் எண்டு எழுது.

— பொறுங்கோ, வாசிக்கிறன்.

— எழுதிட்டியோ?

— ரெண்டு பெட்டி கிடக்கு. ஒண்டு வீட்டு ஆக்கள். மற்றது கொம்யூன் கந்தோரிலையிருந்து வீட்டை வாற நேர்ஸ். நான் நேர்சுக்குப் போடப்போறன்.

— என்ன சொன்னனி?

— நேர்சுக்கு அப்பா. ஒவ்வொரு நாளும் காலமை வருவினம். காசில்லை.

— காசை ஆர் கேட்டது? நான் செத்துப்போனனோ?

— அப்பா, றோட்டைப் பாருங்கோ.

— ரெண்டு வருசம். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. ஷவரைப் பிடிச்சுக் கழுவி, ஒத்தியெடுத்து, துணி வைச்சுக் கட்டி. ஒருநாள் முகம் சுழிச்சனானோ? காய்ச்சலோடையும் செய்தனான். இப்ப ஆரோ ஒரு வெள்ளைப் பெட்டை வந்து உன்ரை குண்டியைப் பாக்க வேணுமாம்.

— அவையளுக்கு அது வேலை. நீங்கள் பண்டி பாத்தமாதிரி.

— வேலைதான். கொம்மாவுக்கும் வந்தவை. கூடாத ஆக்களெண்டு நான் சொல்லேல்லை. இண்டைக்கு ஒருத்தி, நாளைக்கு இன்னொருத்தி, ஒருநாள் ஒரு பெடியன். கழுவித் துடைக்கேக்கை கொம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தவ. நான் வாசல்லை நிண்டனான். உள்ளுக்கை போய், விடுங்கோ நான் செய்யிறன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. கட்டின பெண்சாதி. முப்பது வருசம். அவவின்ரை உடம்பைக் கழுவ எனக்கு வெக்கம்.

— தெரியும் அப்பா.

— என்ன தெரியும்? அவ போனாப்பிறகு சாமி அறையிலை நிண்டு சொன்னனான், தவமணி, பெடியனுக்கு ஏதும் வந்தா வேறை ஒருத்தன்ரை கை படாது எண்டு. உனக்கு உந்தப் புண் வந்தவுடனை, வாற நேர்சை வேண்டாமெண்டு ஃபோன் பண்ணிச் சொன்னது ஆர்? நான். அவவுக்குச் செய்யாமல் விட்டதை உனக்குச் செய்யிறன். அதையும் பறிக்கப் பாக்கிறாய்.

— நான் ஒண்டையும் பறிக்கேல்லை.

— அப்ப என்ன குறை? சொல்லு. என்ரை கை நோகுதோ?

— இல்லை.

— நாறுதோ?

— அப்பா, ஸ்லப் அவ், பதறாதேங்கோ. கொஞ்சம் மெதுவாப் போங்கோ. ஒவ்வொரு குழியும் எனக்கு உள்ளுக்கை இடிக்குது.

— நல்லா இடிக்கட்டும். வாயாலை வரமாட்டுது உனக்கு. கொம்மான்ரை குணம். மனசுக்குள்ளை வைச்சுக்கொண்டு வேறை ஏதோ செய்யிறது. போன சித்திரையிலை திடீரெண்டு குளிக்கிற அறையிலை கிடந்த என்ரை ஸ்டூலைத் தூக்கிக் குப்பையிலை போட்டாய்.

— உடைஞ்சு போச்சு எண்டு சொன்னனான்.

— ஒரு கீறல் இல்லை. நான் போய் எடுத்துக்கொண்டு வந்து கழுவி வைச்சன். அந்த ஸ்டூல் இல்லாட்டி நீ எதிலை கை ஊண்டிக் குனியிறது? நான் எதிலை இருந்து தலைக்கு மயிர் வெட்டுற மெசின் பிடிக்கிறது? பேந்து ஒரு பெட்டி பேப்பர்த் துவாய் வாங்கிக்கொண்டு வந்தாய். ஒருக்காத் துடைச்சுப்போட்டு எறியிறதாம். நல்ல துவாய் வீட்டிலை இருக்கேக்கை கடதாசியாலை புண்ணை ஒத்துறதோ? கடதாசி புண்ணிலை ஒட்டாதோ?

— அது ஒட்டாத பேப்பர்.

— பிறகு தலையிலை கட்டுற லைற். நான் என்ன கிணறு வெட்டப் போறனோ?

— எலெக்ட்ரிக் வேலைக்கு நாங்கள் பாவிக்கிறதுதான். வெளிச்சம் காணுமோ எண்டு...

— அதுக்குப் பிறகு என்ரை பிறந்தநாளுக்கு ஒரு காட். என்னவோ பெரிசா வாங்கித் தந்திருக்கிறான் எண்டு திறந்து பாத்தா, அந்தச் சிரியாக்காரன்ரை சலூனிலை ஒரு வருசத்துக்குத் தலைமயிர் வெட்டுறதுக்கு.

— நீங்கள் ஒருக்காக்கூடப் போகேல்லை.

— ஏன் போக வேணும்? பஞ்சு மாதிரி வெளுத்த தலைக்குச் சலூன் ஒரு கேடோ? கொம்மா இருக்கேக்கை ஞாயிறு ஞாயிறு குளிக்கிற அறையிலை இருத்தி வெட்டிவிடுறவ. அவ போனாப்பிறகு அதே இடத்திலை இருந்து நானே மெசினை ஓட்டுறன். பத்து நிமிசம். அதிலை எனக்கு ஒரு ஆறுதல் கிடக்கு. உனக்கு அது விளங்காது.

— விளங்கும். அதுதான் நான்...

— அதுதான் என்ன?

— ஒண்டுமில்லை.

— பாத்தியோ. திரும்ப வாயை மூடிட்டாய். சரி, நீ சொல்லாட்டி நான் சொல்லுறன் எங்கை பிழையெண்டு. இரவு பகலாக் கொம்பியூட்டருக்கு முன்னாலை குந்திக்கொண்டிருந்தது ஒண்டு. வேலைக்குப் போற வானிலை ரெண்டு மணித்தியாலம் இருந்து போறது ரெண்டு. உன்ரை உடம்பு முழுக்க மயிர், கொம்மான்ரை தமையன்மாரைப் போலை. அது மூண்டு.

— கிழமைக்கு ஒருக்கா வழிக்கச் சொன்னவை. வழிச்சனாங்கள்.

— ஆர் வழிச்சது? நான். நான் வழிச்ச இடத்திலை ஒண்டு மிஞ்சியிராது. கொதிதண்ணியிலை அவிச்சு, நெருப்பிலை பொசுக்கி, லைனிலை தொங்கிக்கொண்டு வரும் பண்டி. அதிலையும் காதுக்குப் பின்னாலை, தொடை இடுக்கிலை மயிர் நிக்கும். அதைக் கத்தியாலை வழிக்கிறதுதான் என்ரை வேலை. ஒரு மயிர் தப்பினாலும் பரிசோதகர் லைனை நிப்பாட்டுவார். இருபத்திநாலு வருசத்திலை குலேந்திரனாலை லைன் நிண்டதெண்டு ஒருநாள் இல்லை.

— நான் பண்டி இல்லை அப்பா.

— அதைச் சொல்லேல்லையடா. கையைச் சொல்லுறன்.

— கை சரி. அப்ப உங்களுக்குக் கண் நல்லாத் தெரிஞ்சது.

— இப்ப என்ன கண் தெரியாதெண்டு சொல்லுறியோ?

— ... அப்பா.

— கேக்கிறன், சொல்லு.

— அப்பா, நிப்பாட்டுங்கோ. ஈரமாக் கிடக்கு.

— என்ன ஈரம்?

— உடைஞ்சிட்டுது போலை. காலுக்கை வழியுது. சீற்றிலை பட்டுட்டுது.

— ரத்தமோ, சிதளோ?

— ரெண்டும். மணக்குது. ஐயோ, நோகுது அப்பா.

— பொறு, பொறு. அந்தா ஒரு தரிப்பிடம் வருது. லொறியள் நிக்கிற இடம். பயப்பிடாதை மோனை. நான் இருக்கிறன்.

— பாத்து. மெதுவாத் திருப்புங்கோ.

— திருப்பிட்டன். ஓரமா விட்டிட்டன். மழையும் தூறுது. சரி, அப்பிடியே கிட. நான் பின்கதவைத் திறக்கிறன். வெளியாலை ஒருத்தரும் பாக்கேலாது, நான் மறைச்சுக்கொண்டு நிக்கிறன்.

— ஒண்டும் செய்யாதேங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம். இன்னும் பதினைஞ்சு நிமிசம்தானே.

— பதினைஞ்சு நிமிசம் இதோடை கிடப்பியோ? உப்பிடி வழிய வழியக் கொண்டுபோய் அவையளுக்கு முன்னாலை இறக்கிறதோ? என்ன வளர்ப்பு வளர்த்தவன் எண்டு நினைப்பினம். ரெண்டு நிமிசம். ஒத்தியெடுத்துப்போட்டுப் புதுத் துணி வைக்கிறன்.

— வேண்டாம் அப்பா.

— எல்லாம் கொண்டு வந்தனான். துணி, பிளாஸ்டர், உப்புத்தண்ணிப் போத்தில். கையைக் கழுவிட்டன், பார். எங்கை அந்தப் பை... இந்தா கிடக்கு. துவாய்.

— எந்தத் துவாய்?

— எந்தத் துவாயெண்டால்? நீலத் துவாய். வழக்கமான துவாய்.

— அதாலை தொடாதேங்கோ!

— ஏன்டா குளறுறாய்? லொறிக்காரன் திரும்பிப் பாக்கிறான்.

— அதை உள்ளுக்கை வையுங்கோ. என்ரை உடம்பிலை படப்படாது. கையை எடுங்கோ அப்பா!

— என்னைத் தட்டுறியோ? நோயாளியெண்டு பாக்கிறன். இது தோய்ச்ச துவாயடா. கொம்மான்ரை துவாய். ஆஸ்பத்திரியிலை கடைசியா அவவின்ரை முகம் துடைச்சது. வேறை ஒண்டுக்கும் எடுக்கிறதில்லை, உன்ரை புண்ணுக்கும் என்ரை தலைக்கும் மட்டும்தான்.

— தெரியும். எனக்குத் தெரியும் அப்பா. அதுதான் வேண்டாமெண்டுறன்.

— உனக்கு என்னோடை என்ன கோவம்?

— கோவம் இல்லை.

— அப்ப ஏன் அழுகிறாய்? நோகுதோ?

— நோகுது.

— தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கடா. இந்த முறை வெட்டித் தோண்டி, பக்கத்துச் சதையை இழுத்து மூடித் தைக்கப்போகினமாம். மூண்டு மாசம் வேலைக்குப் போகேலாது. உன்ரை முதலாளி என்ன சொன்னவர்? இன்னொருக்கா லீவிலை நிண்டா, வேலை பழகுற இடம் இல்லையெண்டு சொன்னவரோ இல்லையோ?

— சொன்னவர்.

— டொக்ரர் என்ன சொன்னவ? இதுவும் பிழைச்சா இனி லேசிலை மாறாது எண்டு சொன்னவவோ இல்லையோ?

— சொன்னவ.

— அப்ப இந்த முறை எவ்வளவு கவனமாப் பாக்க வேணும்? வாற போறவளுக்கு உன்ரை உடம்பைப் பற்றி என்ன தெரியும்? எனக்கெண்டு இருக்கிறது நீ ஒருத்தன். படிவத்திலை என்ரை பேரைப் போடு. கெஞ்சிக் கேக்கிறன். நான் ஆரிட்டையும் கெஞ்சினதில்லை.

— நான் நேர்சுக்குப் போட்டு அனுப்பிட்டன் அப்பா. நீங்கள் காரை நிப்பாட்டேக்கை.

— என்னோடை கதைக்காதை.

— அப்பா, மழையிலை நிக்காதேங்கோ. உள்ளுக்கை வந்து இருங்கோ.

— நான் நனைஞ்சா உனக்கென்ன. ஆஸ்பத்திரியிலை இறக்கிவிடுறன். பிறகு உன்ரை நேர்ஸ்மாரே உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டும். பெத்தவன்ரை கை அருவருப்பாப் போச்சு உனக்கு.

— டாஷ்போர்டைத் திறந்து கண்ணாடியை எடுங்கோ.

— ஏன்?

— எடுங்கோ. ஒரு படம் காட்ட வேணும்.

— இப்ப எனக்குப் படம் பாக்கிற மனம் இல்லை.

— நான் காட்டுறதில்லை எண்டுதான் இருந்தனான். சாகுமட்டும். நீங்கள் அந்தத் துவாயைக் கொண்டு வராட்டி காட்டியிருக்க மாட்டன். போடுங்கோ கண்ணாடியை. இந்தாங்கோ ஃபோன்.

— என்ன இது? வெள்ளைத் துணியிலை கொஞ்சம் ரத்தம். நடுவிலை என்னவோ குப்பை கிடக்கு.

— புண்ணுக்குள்ளையிருந்து எடுத்தது. விறைப்பு ஊசிதானே போட்டவை, நான் முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். டொக்ரர் எடுத்துக் காட்டினவ. கேட்டுப்போட்டுப் படம் எடுத்தனான்.

— எந்த ஒப்பரேசனிலை?

— லேசர் போட்டதிலை. போன வருசம் மார்ச்.

— பதினொரு மாசமா ஃபோனுக்குள்ளை வைச்சிருக்கிறியோ? ஏன் எனக்குக் காட்டேல்லை?

— ரெண்டு விரலாலை பெருப்பிச்சுப் பாருங்கோ.

— பாக்கிறன், பொறு. மயிர். ஓம், மயிர்தான். நான் என்ன சொன்னனான்? உன்ரை மயிர்தான் உனக்கு எதிரி எண்டு சொன்னனானெல்லோ. ஒண்டு, ரெண்டு, நாலு, ஏழு... சின்னச் சின்னன். எல்லாம் ஒரே நீளம். வெட்டி அளந்து போட்டமாதிரி...

— இன்னும் பெருப்பியுங்கோ அப்பா.

— தம்பி... இது வெள்ளையெல்லோ.